முப்பத்தேழு பொத்தான்கள்

மேனேஜர் எழுதிய தாளில் ‘கவனமாக’ என்ற சொல் ஏழு இடத்தில் இருந்தது. பொத்தான் அக்கா அதை விரல் வைத்து எண்ணி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“சார், இதுல வேலை எங்க சார் இருக்கு?”

“அஞ்சு படியாப் பிரிச்சுப் போட்டிருக்கேனேம்மா. விரிப்பை எடுக்கறது, பிரிக்கறது, உருளைக்குள்ள விடறது, அந்தப் பக்கம் வாங்கறது, மடிக்கறது. பக்கத்துலயே ஆபத்து என்ன, அதுக்கு என்ன செய்யணும்னும் எழுதியாச்சு. எல்லாரும் கையெழுத்துப் போட்டா ஃபைல்ல வெச்சிடலாம்.”

“என்ன செய்யணும்ங்கற இடத்துல எல்லாம் கவனமா, கவனமான்னே இருக்கு. குட்டிம்மா கவனமில்லாமலா நின்னா?”

மேனேஜர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து மேலே வைத்தார். உள்ளே நாற்பது ஜோடி துணிக் கையுறை. “இதையும் வாங்கியாச்சு. இதுக்கு மேல நான் என்ன செய்ய?”

அக்கா ஒன்றை எடுத்து மாட்டிப் பார்த்தார். விரல் நுனியைத் தாண்டி அரை அங்குலத் துணி தொங்கியது. அதைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

“விரல் மாட்டறதுக்கு முன்னாடி இது மாட்டும். மாட்டி, விரலையும் கூட்டிட்டுப் போகும். எனக்கு வேணாம் சார். கையெழுத்தும் போட மாட்டேன்.”

“அப்போ நீங்களே எழுதுங்க!” மேனேஜருக்குக் குரல் ஏறிவிட்டது. “ஒரு வாரம் டைம். எழுதிக் கொண்டாங்க, பார்க்கறேன்.”

கோபத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனால் அக்கா அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டு, எழுதாத படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கி, நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தார்.

அந்தச் சலவைக்கூடத்தில் நான் மெக்கானிக். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, பிழிந்து, தேய்த்து, மடித்து அனுப்புவது எங்கள் வேலை. ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு விரிப்பு. தேய்க்கும் இயந்திரத்துக்கு ‘பெரிய இஸ்திரி’ என்று பெயர். இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு உருளை. அது சூடேறிய இரும்புத் தொட்டிக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். முன்பக்கம் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து விரிப்பை அதன் வாயில் விடுவார்கள். பின்பக்கம் சுடச்சுட வருவதை வாங்கி மடிப்பார்கள்.

பொத்தான் அக்கா அங்கே வந்து பதினெட்டு வருஷம். முதலில் அழுக்குத் துணி பிரித்தார். பிறகு பதினோரு வருஷம் உருளைக்கு முன்னால் நின்றார். இப்போது பின்பக்கம் மடிக்கிறார். படிப்பு எட்டாம் வகுப்பு. விரிப்புகளோடு கலந்து வரும் சட்டைகளைத் துவைக்கும்போது கழன்று விழும் பொத்தான்களை யாரும் சீண்டுவதில்லை. அவர் மட்டும் பொறுக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். தைக்கவும் மாட்டார், யாருக்கும் கொடுக்கவும் மாட்டார். கேட்டால், “யார் சட்டையோ வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது, ஒருநாள் தேடிக்கிட்டு வருவாங்க” என்பார். ஒருவரும் வந்ததில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

குட்டிம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உருளைக்கு முன்னால் இடப்பக்கம் நின்றவள். அதற்கு ஆறு வாரம் முன்னால், விரிப்பின் மூலை ஒன்று கோணிக்கொண்டு போக, அதை நிமிர்த்தக் கையை நீட்டினாள். உருளை கையைப் பிடித்துவிட்டது. கைப்பிடியைச் செருகி உருளையைப் பின்னோக்கிச் சுற்றியவன் நான். எட்டுச் சுற்று. அந்த எட்டையும் நான் மறக்கவில்லை. கை மிஞ்சியது. இரண்டு விரல் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உருளையின் வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு தடுப்புத் தண்டு உண்டு. கை அதில் பட்டால் உருளை நின்றுவிட வேண்டும். அன்றைக்கு அது மேலே தூக்கி, விரிப்பின் ஓரத்திலிருந்து கிழித்த நாடாவால் கட்டப்பட்டிருந்தது. யார் கட்டியது என்று மேனேஜர் விசாரித்தார். யாரும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? முடிச்சு அவிழ்ந்தால் யார் பக்கத்தில் நிற்கிறார்களோ அவர்கள் கட்டுவார்கள். நானும் கட்டியிருக்கிறேன். பிழிந்த விரிப்பு முறுக்கிக்கொண்டு மொத்தையாக வரும்போதெல்லாம் தண்டில் இடித்து உருளை நிற்கும். மணிக்கு இருபது தடவை நின்றால் வேலை எப்படி ஓடும்? குட்டிம்மா கை போன பிறகும் அது கட்டியபடியேதான் இருந்தது.

குட்டிம்மா போன இடத்தில் மறுநாளே ஆள் வேண்டியிருந்தது. மேனேஜர் மின்னலைக் கொண்டுவந்து நிறுத்தினார். மின்னல் அக்காவின் நாத்தனார், கணவரின் கடைசித் தங்கை. கை வேகத்துக்காக வந்த பெயர். இரண்டு வருஷம் முன்பு அவளை வேலைக்குக் கூட்டிக்கொண்டு வந்ததே அக்காதான்.

“நான் கூட்டிட்டு வந்த புள்ள தம்பி,” என்றார் அக்கா என்னிடம், படிவத்தை மடிப்பு மேசையில் விரித்துக்கொண்டே. “அவ கை அந்த வாய்க்குள்ள போச்சுன்னா வீட்டுல எந்த மூஞ்சியோட உக்காருவேன்? போகக் கூடாது. அவ்வளவுதான்.”

முதலில் அவர் தனக்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார். ‘கவனமாக’ என்ற சொல் இந்தத் தாளில் வரக் கூடாது. வந்தால் அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி யோசிக்க வேண்டும்.

அடுத்து வேலையைப் படிப்படியாகப் பிரித்தார். ஆட்களிடம் கேட்டால் எல்லோரும் அதே ஐந்து படியைச் சொன்னார்கள். அக்கா அதை நம்பவில்லை. முக்கால் மணி நேரம் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார். பத்தொன்பது படி வந்தது. முறுக்கிய விரிப்பை முழங்காலில் அடித்துப் பிரிப்பது, உருளையில் ஒட்டிய நூலை ஓட ஓடவே கிள்ளி எடுப்பது, கோணிய மூலையைத் தட்டிவிடுவது. இதையெல்லாம் யாரும் வேலையாகவே கணக்கில் எடுக்கவில்லை. ‘அது சும்மா ஒரு தட்டு’ என்றார்கள்.

“அந்தச் சும்மாதான் குட்டிம்மா கையை வாங்கிச்சு,” என்றார் அக்கா.

அந்தத் தட்டு எத்தனை தடவை விழுகிறது என்று பார்க்க நினைத்தார். தண்டு இறங்கியிருந்தால் எந்த இடத்தில் தொங்குமோ, அதற்கு நேர் கீழே மேசையில் என்னைச் சிவப்புக் கோடு போடச் சொன்னார். டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். கோட்டைத் தாண்டி ஒரு விரல் போனால் ஒரு பொத்தான். மின்னலுக்கு ஒரு கிண்ணம். எதிர் மூலையில் நிற்கும் பாட்டுக்காரிக்கு ஒரு கிண்ணம். நாள் முழுக்க முணுமுணுவென்று பாடிக்கொண்டிருக்கும் அவள் ஒட்டடைக் குச்சி மாதிரி உயரம்.

“என்ன அண்ணி, வீட்டுல நான் எத்தனை கரண்டி சாப்பிடறேன்னு எண்ணி முடிச்சாச்சா? இப்போ கையை எண்ண வந்துட்டீங்களா?” என்றாள் மின்னல், விரிப்பை விட்டுக்கொண்டே.

“நீ உன் பாட்டுக்குப் பாரு.”

“உன் பாட்டுக்குன்னா எனக்குப் பாடத் தெரியாது. அது அந்தப் பக்கம்.” பாட்டுக்காரி சிரித்ததில் மூலை நழுவியது. மின்னல் ஒரு தட்டுத் தட்டினாள். கிண்ணத்தில் ‘டிங்’ என்று ஒரு பொத்தான் விழுந்தது.

ஒரு மணி நேரம் முடிந்ததும் அக்கா கேட்டார். “எத்தனை தடவை கை போயிருக்கும் சொல்லு?”

“ரெண்டு. மிஞ்சினா மூணு.”

அக்கா கிண்ணத்தை மடிப்பு மேசையில் கவிழ்த்தார். முப்பத்தேழு. பாட்டுக்காரியின் கிண்ணத்தில் நான்கு.

மின்னல் பொத்தான்களையே பார்த்தாள். பொய் சொல்லவில்லை அவள். மூன்று தடவை என்றுதான் நிஜமாக நம்பியிருந்தாள். சுற்றி நின்றவர்கள் முகத்தைப் பார்த்ததும் விறைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததைப் பிற்பாடு மின்னலே எனக்குச் சொன்னாள். அக்கா பேச்சை ஆரம்பித்ததே தப்பாக ஆரம்பித்திருக்கிறார். “அவளுக்கு நாலு, உனக்கு முப்பத்தேழு. எதுக்கு உனக்கு இந்த அவசரம்?”

“அவசரமா? நீங்க நின்னப்போ நல்ல பேரு, நான் நின்னா அவசரமா?”

“நான் பதினோரு வருஷம் நின்னேன். கையில ஒரு கொப்புளம் கிடையாது.”

“அதைத்தான் தினமும் கேக்கறேனே. உங்களை மாதிரி ஒருத்தி பொறக்கணுமா என்ன!”

அக்காவின் கணவர் பஸ் பணிமனையில் டயர் மாற்றுகிறவர். இரண்டு பேருக்கும் நடுவில் தட்டோடு உட்கார்ந்திருந்தவர், “லாரி டயர்கூட இவ்வளவு சத்தமா வெடிக்காது” என்று எழுந்து போய் வாசலில் நின்று சாப்பிட்டாராம்.

போகிற போக்கில் மின்னல் ஒன்று சொன்னாள். “மூலை கோணிக்கிட்டு வந்தா தட்டத்தான் செய்வேன். நேரா வந்தா எனக்கென்ன தட்டணும்னு வேண்டுதலா?”

அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலை உருளையை விட்டுவிட்டு நேரே பிழியும் இயந்திரத்துக்குப் போய்விட்டார். மூலை ஏன் கோணுகிறது? விரிப்பு கயிறு மாதிரி முறுக்கி வருகிறது. ஏன் முறுக்குகிறது? இருபது விரிப்பு போட வேண்டிய இடத்தில் முப்பது போடுகிறார்கள். ஏன் முப்பது?

பிழியும் ஆள் தள்ளுவண்டியைக் காட்டினார். “இதைத் தள்ளிப் பாருங்கக்கா. ஒரு சக்கரம் சுத்தவே சுத்தாது. நடை குறையட்டும்னுதான் ஒரேயடியா அமுக்கறோம். மெக்கானிக்கிட்ட சொல்லி மூணு மாசம் ஆச்சு.”

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்று மத்தியானமே சக்கரத்தைக் கழற்றினேன். அச்சில் நூலும் முடியும் ஒரு முட்டை அளவுக்குச் சுற்றிக் கிடந்தது. அதை வெட்டி எடுத்து, பேரிங் மாற்றி, எண்ணெய் விட்டேன். முக்கால் மணி நேர வேலை. மூன்று மாதம் தள்ளிப்போட்டது அதைத்தான்.

பிழியும் இயந்திரத்தின் தொட்டியில் இருபது விரிப்புக்கு மேல் போடாதபடி அளவுக்கோடு வந்தது. உருளைக்கு முன்னால் விரிப்பை உதறிப் பிரிக்க ஒரு மேசை வந்தது. உருளையில் நூல் எடுக்க வேண்டுமானால் முதலில் நிறுத்து, பிறகு எடு என்று படிவத்தில் வரி வந்தது. நிறுத்தும் சுவிட்ச் கைக்கு எட்டும் இடத்துக்கு மாறியது. கடைசியில் அக்கா மேனேஜரிடம் போய், “தண்டை இறக்கணும் சார்” என்றார்.

“சனிக்கிழமை ஒருநாள் ஓட்டிப் பாருங்க,” என்றார் மேனேஜர். “ஷிப்டு முடியறதுக்குள்ள ஆயிரத்து இருநூறு போகலைன்னா பழையபடிதான். ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு நான் பதில் சொல்லணும்.”

சனிக்கிழமை எட்டு மணிக்கு நாடாவை அவிழ்த்தேன். தண்டு இறங்கியது. விரிப்புகள் நேராகவே வந்தன. மொத்தை இல்லை, முறுக்கு இல்லை. ஆனாலும் உருளை நின்றது. மறுபடி ஓட்டினேன். மறுபடி நின்றது. பத்து மணிக்குள் பதினோரு தடவை. அத்தனையும் மின்னல் பக்கத்தில். பாட்டுக்காரி பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டு மணிக்கு அறுநூறு போயிருக்க வேண்டும். போனது நானூறு.

“மின்னலுக்கு மின்சாரம் போச்சு போல,” என்றான் ஒருவன் பின்பக்கத்திலிருந்து.

மின்னலின் முகம் சிவந்துவிட்டது. பையிலிருந்து நாடாவை எடுத்தாள். வரும்போதே கொண்டுவந்திருக்கிறாள். “போதும் அண்ணி. ஊரே சிரிக்குது. கட்டிடறேன்.”

“கட்டாதே.”

“கட்டாம? சாயங்காலம் என்னாலதான் முடியலைன்னு எல்லாரும்...”

“கட்டாதேன்னு சொல்றேன்ல. நீ இந்தப் பக்கம் வா. நான் நின்னு பார்க்கறேன்.”

அக்கா அவள் இடத்தில் நின்றார். மடிப்புக்குப் போய் வருஷங்கள் ஆகியும் கை மறக்கவில்லை. பத்து நிமிஷத்தில் முப்பது விரிப்பு. தண்டு ஒரு தடவைகூட அசையவில்லை.

“பாருங்க. எழுதிக்குங்க,” என்றாள் மின்னல். “கோளாறு என் கையிலதான்னு எழுதிக்குங்க.”

அக்கா விரிப்பைப் பிடித்த நிலையிலேயே அப்படியே நின்றார். பிறகு குனிந்து தன் முழங்கையைப் பார்த்தார். மேசை விளிம்பைப் பார்த்தார். எதிரே பாட்டுக்காரியின் முழங்கையைப் பார்த்தார்.

“தம்பி, டேப் இருக்கா?”

தரையிலிருந்து முழங்கைக்கு அளந்தேன். அக்காவுக்கு நாற்பத்திரண்டு அங்குலம். பாட்டுக்காரிக்கு நாற்பத்து மூன்று. மின்னலுக்கு முப்பத்தாறு.

அப்போதுதான் எனக்கும் கண் திறந்தது. அக்கா மேலிருந்து கீழே விரிப்பை வைக்கிறார். கை தண்டுக்கு இப்பாலேயே முடிந்துவிடுகிறது. மின்னல் கீழிருந்து மேலே எக்கி வைக்கிறாள். எக்கும்போது புறங்கை தண்டில் இடிக்கிறது. தண்டு இல்லாத நாட்களில் அந்தக் கை அதே எக்கலில் கோட்டைத் தாண்டி உருளைக்குப் பக்கத்தில் போயிருக்கிறது.

“குட்டிம்மா எவ்வளவு இருப்பா?” என்று கேட்டார் அக்கா.

அளந்து பார்க்க என்ன இருக்கிறது? நாங்கள்தானே அவளுக்கு அந்தப் பெயரை வைத்தோம். ஐந்து வருஷம் தினமும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறோம்.

அக்கா இடுப்பிலிருந்து படிவத்தை எடுத்தார். பத்தொன்பது படிகளையும் மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். “எல்லாம் என் உடம்பை வெச்சு எழுதினது. என் உயரத்துக்குத்தான் இந்த மேசை. அதைப் போய் என் சாமர்த்தியம்னு பதினோரு வருஷமா நெனைச்சுக்கிட்டிருந்தேன்.” மின்னல் பக்கம் திரும்பினார். “அன்னைக்கு வீட்டுல நான் பேசினது தப்பு. உனக்கு அவசரம் இல்ல. உனக்கு எட்டலை.”

மின்னல் மூக்கை உறிஞ்சினாள். “அதைச் சொல்ல டேப் வேண்டியிருக்கு உங்களுக்கு.”

சோப்புத்தூள் பீப்பாய்கள் வந்து இறங்கும் மரத்தட்டுகள் பின்னால் கிடந்தன. சாப்பாட்டு நேரத்தில் இரண்டை அறுத்துச் சேர்த்து ஆறு அங்குல உயரத்துக்கு ஒரு பலகை அடித்தேன். அக்கா என் தலைக்கு மேலேயே நின்றார். “ஆடக் கூடாது. தரையோட சேர்த்து அடி. ஓரத்துல மஞ்சள் பூசு, இறங்கும்போது தடுக்கிடப் போகுது. ஈரம் பட்டா வழுக்குமே, மேல ரப்பர் ஷீட் ஒட்டு.” பலகையைப் போடுவதற்குள்ளேயே பலகையால் வரும் ஆபத்தை எழுத ஆரம்பித்துவிட்டார்.

ஒரு மணிக்கு மின்னல் பலகையில் ஏறினாள். முதல் விரிப்பை விட்டாள். இரண்டாவதை விட்டாள். பத்தாவதில் பாட்டுக்காரி பாட ஆரம்பித்தாள்.

ஐந்து மணிக்கு மேனேஜர் வந்தார். ஆயிரத்து நூற்று முப்பது போயிருந்தது. “எழுபது குறையுதே,” என்றார்.

“மத்தியானத்துக்கு மேல எத்தனைன்னு பாருங்க சார்,” என்றாள் மின்னல், பலகையை விட்டு இறங்காமல். “எழுநூறு. நாலு மணி நேரத்துல எழுநூறு நீங்க எப்போ பார்த்தீங்க? தண்டும் கீழதான் இருக்கு.”

மேனேஜர் தண்டைப் பார்த்தார். விரலால் லேசாகத் தொட்டார். உருளை உடனே நின்றது. “திங்கட்கிழமையும் இறக்கியே ஓட்டுங்க” என்றார். போகும்போது சுவரில் ஒட்டியிருந்த தன் தாளைத் தானே கிழித்து எடுத்துக்கொண்டு போனார்.

அக்காவின் தாள் அந்த இடத்தில் ஏறியது. பத்தொன்பது இருபதாகியிருந்தது. முதல் வரி: ‘யார் நிற்கிறார் என்று பார். முழங்கை மேசைக்கு மேலே இல்லையென்றால் பலகை போடு.’ ஒரு இடத்திலும் ‘கவனமாக’ இல்லை. கையுறைகளைப் பெட்டியோடு அழுக்குத் துணி பிரிக்கும் இடத்துக்கு அனுப்பினார். அங்கே ஊசியும் கண்ணாடித் துண்டும் வருவதுண்டு. அவற்றுக்கும் துணி போதாது, தடித்த தோல் வேண்டும் என்று எழுதி அனுப்பினார். அது வர இன்னும் ஒரு மாதம் சண்டை போட வேண்டியிருந்தது. போட்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. நான் கொதிகலன் பக்கம் இருந்தேன். உருளையின் சத்தம் சட்டென்று நின்றது. ஓடி வந்தேன். எட்டுச் சுற்றும் மனசுக்குள் ஓடியது.

மின்னல் பலகையில் நின்றுகொண்டிருந்தாள். விரிப்பின் ஒரு மூலை கோணிப்போய் உருளையின் வாயில் பாதி நுழைந்து நின்றிருந்தது. அவள் வலது கை தண்டில் அழுந்தியிருந்தது. பழைய பழக்கம், தன்னை அறியாமல் நீண்டிருக்கிறது. விரல் நுனிக்கும் உருளைக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி. அவள் கையை மெதுவாகப் பின்னுக்கு எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஐந்து விரலையும் மடக்கினாள், நீட்டினாள்.

“அண்ணி,” என்று கூப்பிட்டாள். “ஒரு பொத்தான் போடுங்க.”

அக்கா பின்பக்கத்திலிருந்து டப்பாவோடு வந்தார். கிண்ணத்தில் ஒன்றைப் போட்டார். மின்னலின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்கும் நடுவில் ஒரு கணம் வைத்துக்கொண்டார். பிறகு அந்தக் கோணிய மூலையை விரலால் நிமிர்த்திப் பார்த்தார்.

“நேராத்தானே வந்துக்கிட்டிருந்துச்சு,” என்றார். “இன்னைக்கு எதுக்குக் கோணுச்சு?”

படிவத்தை எடுத்துக்கொண்டு பிழியும் இயந்திரத்தை நோக்கி நடந்தார்.